பியர் சப்போர்ட் குழுவுக்குப் பயிற்சியும் தரமும்: சைக்காலஜி படிக்காதவர் பொறுப்பேற்கலாமா?

பின்னால் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை. பைபோலார் நோய்க்கு (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய்) பல வருடமாக மருந்து எடுக்கிறார், இப்போது நிலையாக இருக்கிறார். மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம் பியர் சப்போர்ட் பிரிவு தொடங்குகிறது. அதாவது, மனநோயிலிருந்து மீண்டவர்களே அதே நோயோடு போராடுகிறவர்களின் வீட்டுக்குப் போய்த் துணை நிற்பார்கள். அப்படிப் போகிறவரைத்தான் கீழே 'பியர்' என்று எழுதுகிறேன். அப்படிப் போகிற பதினைந்து இருபது பேருக்குப் பயிற்சி கொடுப்பதற்கும் அவர்கள் வேலையின் தரத்தைப் பார்த்துக்கொள்வதற்கும் இவரைப் பொறுப்பாளராகக் கேட்டிருக்கிறார்கள். சைக்காலஜி படிக்காத நான் செய்யலாமா, தரத்தை எதை வைத்து அளப்பது, இன்டர்வியூவில் என்ன கேட்க வேண்டும் என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் அடியில் வேறொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் உள்ளுக்குள் கேட்பது இது: என் கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒரு திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். அங்கே நல்லது நடக்கிறதா, கெடுதல் நடக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் நிறைய இடம் ஒதுக்கப்போகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். மதுரையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் நெடுங்காலம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி மீண்டவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பயிற்சி கொடுப்பதிலும், களத்தில் அவர்களுக்கு சூப்பர்விஷன் (வேலையில் வரும் சிக்கல்களைக் கூட உட்கார்ந்து பேசி வழிகாட்டுவது) கொடுப்பதிலும் போனது. டாக்டர் இல்லை. மருந்தைப் பற்றி இங்கே எழுதுவது, ஒரு பயிற்சியாளர் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்குத்தான். சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களையும் கொள்கையாக எழுதும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: செய்யலாம். இது புதிய யோசனையும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பிரிவைப் பார்த்துக்கொண்ட ழான் பாப்டிஸ்ட் புசான், குணமானவர்களையே பணியாளர்களாக எடுத்தார். அவர்கள் மற்ற நோயாளிகளை அடிக்காமல், மரியாதையாக நடத்துவார்கள் என்பது அனுபவத்தில் தெரிந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1999இல் இந்த வேலைக்கு அரசு மருத்துவ நிதியிலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் மனநலச் சேவையின் தரத்துக்காகவும் நோயாளிகளின் உரிமைக்காகவும் 2019இல் வெளியிட்ட குவாலிட்டி ரைட்ஸ் பாடத்தொகுப்பில், ஒருவருக்கு ஒருவர் பியர் சப்போர்ட் கொடுப்பதற்கு ஒரு கையேடும் குழுவாக நடத்துவதற்கு ஒரு கையேடும் இருக்கின்றன. இரண்டும் இலவசம். நம் நாட்டில் குஜராத் அரசு மருத்துவமனைகளில் குவாலிட்டி ரைட்ஸ் திட்டம் நடந்தபோது பியர் சப்போர்ட் தன்னார்வலர்களும் அதில் இருந்தார்கள். எனவே சைக்காலஜி பட்டம் இந்தப் பொறுப்புக்கு அடிப்படைத் தகுதி இல்லை. வகுப்பு நடத்தத் தெரிந்திருப்பதும், நோயோடு வாழ்ந்த அனுபவமும் சேர்ந்து இருப்பவர் கிடைப்பது அரிது. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு ஒரு கவுன்சில் பதிவு இருக்கிறது, நர்ஸுக்கு இருக்கிறது. பியர் சப்போர்ட் செய்பவருக்கு இந்தியாவில் அப்படிப்பட்ட உரிமமோ பதிவோ கிடையாது. தவறு நடந்தால் பதிவை ரத்துசெய்ய ஒரு கவுன்சில் வராது. ஆகவே ஒருவரைக் களத்துக்கு அனுப்பலாமா, நிறுத்த வேண்டுமா என்ற முழுச் சுமையும் நிறுவனத்தின் மேல் விழுகிறது. நிறுவனத்துக்குள் அது உங்கள் மேல் விழும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இத்தனை காலத்தில் நான் பார்த்தவரை, பியர் சப்போர்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். போகிறவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டி டாக்டராகிவிடுகிறார். யாரும் திட்டமிட்டு ஆவதில்லை, எல்லாப் பக்கமும் அவரை அப்படி இழுக்கிறது. குடும்பம் இழுக்கிறது: "நீங்க சொன்னா கேப்பான், மாத்திரையப் போடச் சொல்லுங்க தம்பி." ஓபியில் கூட்டம் நெரிகிற மருத்துவக் குழு இழுக்கிறது: "அப்படியே பார்த்துட்டு வரும்போது சீட்டுல எத்தனை மாத்திரை மிச்சம்னு எண்ணிட்டு வந்துடுங்க." அவர் மனசும் இழுக்கிறது. ஊரில் பைத்தியம் என்று பேர் வாங்கினவருக்கு முதல்முறையாக ஓர் அடையாள அட்டையும் நாற்காலியும் மரியாதையும் கிடைக்கின்றன. அதை அவர் விரும்புவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அப்படி ஆனபின், அந்த வீட்டில் படுத்திருக்கும் பையனுக்கு "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்ல ஆள் இல்லாமல் போகிறது. கண்காணிக்க இன்னொரு ஆள் வந்துவிட்டார், அவ்வளவுதான். பயிற்சி, தரம் இரண்டிலும் உங்கள் வேலையின் மையம், அவர்களை அந்த இழுப்பிலிருந்து காப்பாற்றி வைப்பது.

மருந்து விஷயத்தில் இது மிகக் கூர்மையாகத் தெரியும். சொந்த அனுபவம் அதிகாரத்தோடு பேசும் இடம் அதுதான், அதிக ஆபத்தான இடமும் அதுதான். உங்களுக்குத் தெரிந்த நோயையே எடுத்துக்கொள்வோம். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவர் கத்திரி வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி நச்சாகலாம். நோன்பு, விரதம், வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். "நானும் லித்தியம்தான், நோன்பு வச்சேன், ஒண்ணும் ஆகல" என்று ஒரு பியர் நல்ல மனசோடு சொல்லும் ஒரு வாக்கியம் இன்னொருவரை ஐசியுவுக்கு அனுப்பிவிடக்கூடும். அதற்காக மருந்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று தடை போட்டால் அதுவும் சரிவராது. உடம்பு கனக்கிறது, வாய் ஊறுகிறது, மாதவிடாய் தவறுகிறது என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பியரிடம்தான் சொல்கிறார்கள். அதனால் பயிற்சியில் நான் வைக்கும் கோடு இது: மருந்து எடுப்பது எப்படி இருந்தது என்று பேசலாம், எடு, நிறுத்து, குறை, மாற்று என்ற நான்கு சொல்லும் வாயில் வரக்கூடாது. அப்புறம் அந்தத் தொந்தரவை டாக்டரிடம் அவரே எப்படிச் சொல்வது என்று கூட உட்கார்ந்து ஒத்திகை பார்க்கலாம். இந்த ஒத்திகைக்கு எவ்வளவு பலன் இருக்கிறது என்பதைப் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று, உள்ளே போன இரண்டு நிமிடத்தில் பேச வந்ததை மறந்துவிட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பயிற்சியை எப்படி அமைப்பது? பல இடங்களில் நோய்களின் பட்டியலில் தொடங்குகிறார்கள். ஸ்கிசோஃப்ரினியா, அறிகுறி, வகை, மருந்து என்று முதல் நாளே பவர்பாயின்ட் ஓடும். குட்டி டாக்டருக்கு அங்கேயே விதை போட்டாயிற்று. நான் உரிமையிலிருந்து தொடங்கச் சொல்வேன். நம் பக்கத்தில் அதற்குக் காரணமும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அதற்குப் பின் நெடுநாள் கழித்து வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சங்கிலியில் கட்டுவதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. சமூகத்தில் மற்றவர்களைப் போல வாழும் உரிமை, ரகசியம் காக்கப்படும் உரிமை, நோய் முற்றும் காலத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. பயிற்சிக்கு வருகிறவர்களில் சிலர் கட்டி வைக்கப்பட்டவர்களாகவே இருப்பார்கள். தனக்கு நடந்தது சட்டப்படி தவறு என்று அவர்கள் அந்த அறையில்தான் முதன்முதலாகக் கேட்பார்கள். அன்றைக்கு வேறு பாடம் வைக்காதீர்கள்.

அதற்கு அடுத்தது கேட்கப் பழகுவது. நீங்கள் ஆசிரியை என்பதால் இதைச் சொல்கிறேன்: பாடம் நடத்திப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். உங்களுக்கும் இருக்கலாம். குறிப்பெடுக்க வைத்தால் வராது, ரோல் பிளேயில்தான் வரும். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் பார்க்க, சேலை கட்டிய அம்மா பாத்திரத்தை மீசைக்கார அண்ணன் செய்ய, சிரித்துக்கொண்டே தொடங்கும். பத்தாவது நிமிடம் யாராவது அழுதுவிடுவார்கள். அழுகிறவரோடு வெளியே போய் உட்கார இன்னொரு பயிற்சியாளர் இருக்க வேண்டும். தனி ஆளாகப் பயிற்சி நடத்த ஒப்புக்கொள்ளவே வேண்டாம். நான்கைந்து நாள் வகுப்பு, பிறகு அனுபவசாலி ஒருவரோடு கூடப் போய்ப் பார்ப்பது, அதன்பின் ஒன்றிரண்டு வீடு, திரும்ப வகுப்பு என்று மூன்று மாதமாவது நீட்டி வையுங்கள். ஒரே மூச்சில் முடித்துச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. களத்தில் முதல் சிக்கல் வந்த பிறகுதான் அவர்களுக்கு நிஜமான கேள்விகளே பிறக்கின்றன.

சொந்தக் கதையைச் சொல்வது பற்றித் தனியாக ஒரு வகுப்பு வையுங்கள். பியர் சப்போர்ட்டில் அதுதான் கையில் இருக்கும் ஒரே கருவி. ஆனால் எவ்வளவு, எப்போது, யாருக்காக என்ற கணக்கு தெரியாவிட்டால் எதிரில் இருப்பவரின் நேரத்தை அது தின்றுவிடும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் ஊரில் ஒரு பெண் தன் நோயை வெளியே சொன்னால் அது அவளோடு நிற்பதில்லை. தங்கச்சிக்கு வரும் வரன் வரை போகிறது. கிராமத்தில் எந்த வண்டி யார் வாசலில் நின்றது என்பதே செய்தி. ஆகவே எந்தப் பயிற்சியிலும் யாரையும் கதை சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. பெயர் பொறித்த வண்டி வேண்டாம். வீட்டில் சந்திக்க முடியாதவரைக் கோயில் மண்டபத்திலோ, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலோ, ஆஸ்பத்திரி மரத்தடியிலோ சந்திக்க அனுமதி இருக்க வேண்டும். நன்கொடையாளர் கூட்டத்தில் மேடையேறி அழ வைக்கும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தால், முதல் வாரமே நின்று பேசி நிறுத்துங்கள். சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தையும் தகவலையும் அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுப்பதைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடுக்கிறது. ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் "இன்றைய விசிட்" என்று போட்டோ போடும் பழக்கம் ஊடகமாகக் கணக்கில் வருமா வராதா என்று விவாதிக்க வேண்டியதில்லை. அதை நிறுத்திவிடுங்கள்.

சாமி, தர்கா, கோடாங்கி. மதுரைப் பக்கம் இந்த வேலை செய்பவர் இதைத் தாண்டிப் போக முடியாது. பாண்டி கோயிலுக்கோ கோரிப்பாளையம் தர்காவுக்கோ போகாமல் நேராக டாக்டரிடம் வந்த குடும்பம் குறைவு. பியர் இதில் வாதாடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவரும் தாயத்துக் கட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார். ஏர்வாடியிலேயே தர்காவின் பிரார்த்தனையோடு மருத்துவத்தையும் சேர்த்துக் கொடுக்கும் 'தவா-துவா' முறையை அரசு நடத்துகிறது. கட்டி வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகியவை மட்டும்தான் தலையிட வேண்டிய இடங்கள். மற்றபடி சித்திரைத் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்கக் கண் விழிக்கப்போகிறேன் என்று ஒரு பைபோலார் நோயாளி சொன்னால், போகாதே என்று சொல்வதைவிட, தூக்கம் கெட்டால் உனக்கு என்ன ஆகும் என்று அவரையே யோசிக்க வைப்பது பியருக்குத்தான் நன்றாக வரும். தூக்கம் குறைந்தால் மேனியா (மனநிலை அளவுக்கு மீறி ஏறும் நிலை) கிளம்பும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தற்கொலை எண்ணம் வரும் இடத்தில் விட்டுக்கொடுக்காத ஒரு நடைமுறை வேண்டும். நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இது ஆராய்ச்சியில் நன்றாக நிலைநாட்டப்பட்ட விஷயம். சாகணும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் பியர் அந்த ரகசியத்தைத் தனியாகச் சுமக்கக் கூடாது. முதல் சந்திப்பிலேயே "நீங்க சொல்றது என்கிட்டயே இருக்கும், ஆனா உயிருக்கு ஆபத்துன்னு பட்டா மட்டும் என் சூப்பர்வைசர்கிட்ட சொல்வேன், உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். சட்டமும் உயிராபத்தைத் தடுக்க ரகசியத்துக்கு விலக்கு தருகிறது. யாருக்கு போன் செய்வது, அவர் எடுக்காவிட்டால் யாருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, மாநில அரசின் உதவி எண் 104, ஆம்புலன்ஸுக்கு 108 மூன்றும் எல்லாருடைய போனிலும் பதிந்திருக்க வேண்டும். விவசாய வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி வைத்துச் சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளச் சொல்வது உயிர் காக்கும் வேலை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத குடும்பங்கள் இன்றும் உண்டு. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் இல்லை; அரசு ஊழியரை நிர்ப்பந்திக்க அப்படி முயல்வது மட்டும் தனிக் குற்றமாக இருக்கிறது. பியருக்கு இந்த அளவு தெரிந்தால் போதும், ஒரு குடும்பத்தின் தயக்கத்தை உடைத்துவிடலாம்.

சரி, தரம். பெரும்பாலான நிறுவனங்களில் தரம் என்றால் எண்ணிக்கை. எத்தனை விசிட், எத்தனை பேர் மருந்து தொடர்கிறார்கள், எத்தனை குழுக்கூட்டம். நிதி கொடுப்பவர் கேட்பதால் இவற்றை எண்ணத்தான் வேண்டும். ஆனால் அந்தத் திண்ணையில் என்ன நடந்தது என்பதை இவை சொல்லாது. பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் நடக்கும் வகுப்பும் மற்ற நாள் வகுப்பும் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டு விசிட்டில் நீங்கள் போய் உட்கார்ந்தாலும் அதேதான் நடக்கும். அதனால் ஒரே வழியை நம்பாதீர்கள்.

எனக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன். ஒன்று, நடிப்பை வைத்துத் திறனை அளப்பது. நேபாளத்தில் பிராண்டன் கோர்ட்டும் குழுவினரும் உருவாக்கி 2015இல் வெளியிட்ட எனாக்ட் என்ற அளவுகோல் இருக்கிறது. நோயாளியாக நடிக்கப் பழகிய ஒருவரோடு பயிற்சி பெறுகிறவர் பேசுவார், பார்ப்பவர் ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிலைகளில் மதிப்பெண் போடுவார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் நடத்தும் ஈக்விப் இணையதளத்தில் இது கிடைக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, மிகக் கீழ்நிலை தனியாகக் 'கெடுதல் செய்யும் நடத்தை' என்று குறிக்கப்படுவது. குறுக்கிடுவது, பயமுறுத்துவது, "இதெல்லாம் ஒரு கஷ்டமா" என்று தள்ளிவிடுவது போன்றவை. ஒருவர் சுமாராகப் பேசுகிறார் என்பது வேறு, புண்படுத்துகிறார் என்பது வேறு. முதலாவதற்குப் பயிற்சி போதும். இரண்டாவது தெரிந்தால் அது சரியாகும்வரை அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். எனாக்ட் பியர்களுக்கென்றே உருவானதில்லை, அதனால் சொந்த அனுபவத்தைப் பகிரும் விதத்துக்கு நீங்களே ஒரு வரிசை சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதைப் பியர்களையே வைத்து எழுதுங்கள்.

இன்னொன்று, உதவி பெறுகிறவரையே கேட்பது. சொல்லும்போது எளிது, நம் ஊரில் செய்வது கடினம். "எப்படிப் பார்த்துக்கிறாங்க?" என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் "நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க" என்பார்கள். வீடு தேடி வருகிறவரைக் குறை சொல்வது நன்றி கெட்டதனம் என்று நினைப்பார்கள். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்ற படிவத்தால் ஒரு பயனும் இல்லை. நடந்ததைக் கேட்க வேண்டும். போன தடவை வந்தபோது என்ன பேசினீர்கள்? அவர் அதிகம் பேசினாரா, நீங்கள் அதிகம் பேசினீர்களா? அவர் சொன்ன எதையாவது வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடிந்ததா? வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினாரா? அவர் வராத வாரம் இருந்ததா, முன்கூட்டிச் சொன்னாரா? "வேண்டாம்" கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் எனக்கு அதிகம் விளங்கியிருக்கிறது. கேட்பவர் அந்த வீட்டுக்குப் போகும் பியராக இருக்கக் கூடாது, ஆனால் அவரும் நோயோடு வாழ்ந்தவராக இருந்தால் பதில் வேறு மாதிரி வரும். சாதி வேறுபாட்டையும் கண்ணில் வைத்திருங்கள். ஒரு பியர் குறிப்பிட்ட தெருவுக்குள் மட்டும் விசிட்டைக் குறைத்துக்கொண்டே வந்தால், அல்லது ஒரு வீடு குறிப்பிட்ட ஆளை மட்டும் வாசலோடு நிறுத்திப் பேசினால், பதிவேட்டில் அது "நோயாளி ஊரில் இல்லை" என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

மூன்றாவதாக சூப்பர்விஷன். இதை மட்டும் சரியாக நடத்தினால் மற்ற இரண்டும் பாதி நடந்த மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவாக, மாதம் ஒருமுறை தனியாக. வேலைத் திட்டம், பஸ் பில், ரிப்போர்ட் எதுவும் அந்த நேரத்தில் பேசக் கூடாது. நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் "இந்த வாரம் எந்த வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை?" என்பது. எல்லாருக்கும் ஒரு வீடு இருக்கும். ஏன் என்று நோண்டினால் தன் அப்பாவைப் போல ஒரு அப்பா அங்கே இருப்பார், அல்லது கடன் கேட்டிருப்பார்கள், அல்லது அந்தப் பெண்ணின் கண்ணீரைப் பார்த்தபின் இவருக்கு ராத்திரித் தூக்கம் வராமல் இருக்கும். அடுத்த மாதப் பயிற்சிக்கு என்ன பாடம் வேண்டும் என்பது எனக்கு அந்தப் பேச்சில்தான் கிடைத்தது.

இங்கேதான் உங்கள் பதவியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயிற்சி, தரம் இரண்டும் ஒரே ஆள் கையில். நீங்கள் மதிப்பெண் போடுகிறவர் என்று தெரிந்தால் உங்களிடம் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்? தர ஆய்வில் தெரிவது பயிற்சிக்கும் ஆதரவுக்கும் மட்டும் பயன்படும், சம்பளத்தையும் வேலையையும் முடிவு செய்வது வேறொருவர் என்று எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். உதவி பெறுகிறவருக்குக் கெடுதல் நடக்கும் விஷயம் மட்டும் விலக்கு. அந்த விலக்கையும் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இந்த வேலைக்கு ஆதாரம் எவ்வளவு என்றும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வு 11 சோதனைகளை, 2,796 பேரை உள்ளடக்கியது. அதே வேலையைத் தொழில்முறைப் பணியாளர்கள் செய்ததோடு ஒப்பிட்டால் பலன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நெருக்கடிச் சேவைகளை நாடுவது சிறிது குறைந்தது. 2014இல் லாயிட் எவன்ஸும் குழுவினரும் கடுமையான மனநோயில் பியர் சப்போர்ட் பற்றிய 18 சோதனைகளைத் தொகுத்தார்கள். நம்பிக்கை, மீட்சி, தன் வாழ்க்கை தன் கையில் என்ற உணர்வு ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. சோதனைகளின் தரமும் உயர்வானதில்லை. இவை பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. நம்மைப் போல முழுக் குடும்பமும் கூடவே உட்கார்ந்திருக்கும் வீடுகளில் நடந்தவை குறைவு. எனவே நிதி கேட்கும் விண்ணப்பத்தில் "ஆஸ்பத்திரிச் சேர்க்கை பாதியாகக் குறையும்" என்று யாராவது எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். நான் சூப்பர்விஷன் பற்றியும் கேள்விகள் பற்றியும் மேலே சொன்னது பணி அனுபவம். அதை ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பியர்களின் சொந்த உடல்நலமும் காசும் தரக் கணக்கில் வர வேண்டும். பேரையூரிலிருந்து பஸ் ஏறி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரைத் தன்னார்வலர் என்று சொல்லி டீச்செலவு மட்டும் கொடுத்தால், ஆறு மாதத்தில் நல்லவர்கள் போய்விடுவார்கள், வேறு வழியில்லாதவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். நோய் திரும்பினால் என்ன செய்வது என்பதையும் ஒவ்வொருவரோடும் நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். எது முதல் அறிகுறி, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது, அவருடைய வீடுகளை யார் பார்ப்பார், திரும்பி வரும்போது வேலை இருக்குமா? கடைசிக் கேள்விக்கு நிறுவனம் ஆம் என்று எழுதித் தராவிட்டால் யாரும் அறிகுறியை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், மறைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். இதே தாளை உங்களுக்கும் எழுதிக்கொள்ளுங்கள், டீச்சர்.

இன்டர்வியூவில் கேட்க வேண்டியவை இதிலிருந்தே வருகின்றன. ஒருவரைக் களத்திலிருந்து நிறுத்தும் அதிகாரம் எனக்கு இருக்கிறதா? எனக்கு சூப்பர்விஷன் கொடுப்பது யார்? என் மேலாளராக இருப்பவரே அதையும் செய்வாரா? ராத்திரி பத்து மணிக்கு ஒரு பியர் போன் செய்தால் எந்த டாக்டரை நான் கூப்பிடலாம், அவர் ஒப்புக்கொண்டிருக்கிறாரா? அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவோடும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவோடும் எழுத்தில் ஏற்பாடு இருக்கிறதா, வாய்ப்பேச்சா? நிர்வாகக் குழுவில் நோயோடு வாழ்ந்தவர் யாராவது இருக்கிறார்களா? மாநில மனநல ஆணையத்திலும் மனநல மறுஆய்வு வாரியங்களிலும் அப்படிப்பட்டவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கும்போது, ஒரு பியர் சப்போர்ட் நிறுவனம் ஏன் ஒதுக்கவில்லை என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மறுவாழ்வுப் பணி செய்கிறது. சேரும் முன் அங்கே போய், குடும்பங்களோடும் மீண்டவர்களோடும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்குக் கேள்விகள் இன்னும் கூர்மையாகும்.

உங்கள் நோயைப் பற்றி இன்டர்வியூவில் எவ்வளவு சொல்வது என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவர்கள் மீண்டவர் ஒருவரைத் தேடித்தான் உங்களிடம் வந்திருக்கிறார்கள், அதனால் நோய் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் எப்போது சேர்ந்தீர்கள், அப்போது என்ன நடந்தது, என்ன மருந்து என்பதையெல்லாம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "வேலை செய்ய எனக்கு என்ன வசதி வேண்டும்" என்ற அளவில் சொல்லுங்கள்: ராத்திரித் தூக்கம் கெடும் பயணம் வேண்டாம், டாக்டரைப் பார்க்க மாதம் ஒரு நாள் வேண்டும் என்பது போல. அதற்கு மேல் தோண்டினால், அதே கேள்விகளைத்தான் நாளைக்கு உங்கள் பியர்களிடமும் கேட்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பணி விவரத் தாளை அவர்கள் உங்களுக்கு அனுப்பியிருந்தால் நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு இங்கே போடுங்கள். எந்தெந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.